சாம்பல் நிறக் கை

ஒன்று உலோகமாக இரு, இல்லை தண்ணீராக இரு. இரண்டுங்கெட்டானாக மட்டும் இருக்காதே. என் வேலையின் சாரம் இவ்வளவுதான்.

பெரிய மின்கலங்கள் சூடேறாமல் இருக்க அடியில் ஓர் உலோகத் தகடு வைப்பார்கள். அதற்குள் தண்ணீர் ஓட வாய்க்கால்கள் உண்டு. எங்கே உலோகம், எங்கே வாய்க்கால் என்று கணினியையே வரைய வைப்பது என் பொறுப்பு. தகட்டைப் பொடிக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கும் நிரல் அது. பூஜ்யம் என்றால் தண்ணீர், திரையில் வெள்ளை. ஒன்று என்றால் உலோகம், கறுப்பு. நடுவில் நிற்பவை சாம்பல் நிறம். எதைச் செய்தாலும் திருப்திப்படாததால் அந்த நிரலுக்கு அலுவலகத்தில் 'மாமியார்' என்று பெயர். வைத்தது நான்தான், என் மாமியாருக்குத் தெரியாது.

சாம்பல் கட்டங்களை எனக்கு அறவே பிடிக்காது. தண்ணீர் வந்து கேட்டால் 'நான் வழிதான், போ' என்று விடும். வெப்பம் வந்து கேட்டால் 'நான் உலோகம்தான், வா' என்று வாங்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் நல்ல பெயர் எடுத்து, தகடு குளுகுளுவென்று இருப்பதாகக் கணக்கு காட்டிவிடும். பட்டறையில் அப்படியொரு பொருளே கிடையாது. அதனால் 'கண்டிப்பு' என்று ஓர் அளவு வைத்திருக்கிறோம். அதைக் கூட்டக் கூட்ட, ஒவ்வொரு கட்டமும் ஏதாவதொரு பக்கம் சேர்ந்துவிடும்.

இந்த முறை ஒரு திட்டு மட்டும் சேரவில்லை. தகட்டின் நட்டநடுவில், விரல்களை விரித்த ஒரு வலது கை. முதலில் சிரிப்புதான் வந்தது. மேகத்தில் யானை தெரிவதில்லையா? பிறகு சுண்டுவிரலைப் பார்த்தேன். அது பாதியில் நின்றிருந்தது.

என் தம்பியின் சுண்டுவிரல் அப்படித்தான். சின்ன வயதில் கதவிடுக்கில் போனது.

அவன் கீழ்த்தளத்துச் சோதனை அறையில் இருக்கிறான். பட்டறை வெட்டித் தரும் தகட்டைச் சூடேற்றிப் பார்ப்பது அவன் வேலை. தகடு முழுக்க வெப்பமானி ஒட்டியிருந்தாலும் ஒன்றையும் நம்பமாட்டான். கடைசியில் வலது உள்ளங்கையை நடுவில் அழுத்தி வைத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவான். வீட்டிலும் இதே கதை. நாலு வயது மகளுக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்தே எவ்வளவு என்று சொல்லிவிடுவான்.

நிரலை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். எல்லாக் கட்டமும் கறுப்பு என்று தொடங்கி ஓட்டினேன், கை வந்தது. எல்லாம் வெள்ளை என்று தொடங்கினேன், அப்போதும் வந்தது. கட்டங்களை இன்னும் பொடியாக்கினேன். உள்ளங்கை ரேகையே தெரிந்தது.

மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஏதோ கறை மாதிரி இருக்கு. இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? உலோகம்னு வெச்சு முடிங்கம்மா," என்று சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார்.

கீழே இறங்கிப் போனேன்.

"இந்தத் தடவை கையை வைக்காதடா."

"ஏன்க்கா, உன் டிசைன்மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

"நடுவுல சாம்பல் இருக்கு. கணக்கு பொய் சொல்லுது. நிஜத் தகட்டுல அந்த இடம் கொதிக்கும்."

"அப்போ சாம்பலை எடுத்துடு. கை சொல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். உனக்குத் தெரியாதா?"

தெரியும். எங்கள் குடும்பத்துப் பிடிவாதம். எனக்கும் அதில் சரிபாதிப் பங்கு உண்டு.

அவனை மாற்ற முடியாது, தகட்டைத்தான் மாற்ற வேண்டும். அந்த இடத்தைத் தண்ணீராக்கினால் மேல்சுவர் மெலிந்து, வெடித்து, வெந்நீர் அவன் முகத்தில் அடிக்கும். ஆகவே உலோகம். செவ்வாய்க்கிழமை மத்தியானம், யாரும் போகாத எல்லை வரைக்கும் கண்டிப்பை ஏற்றினேன். நகங்கள் முதலில் கறுத்தன. பிறகு விரல்கள், பிறகு உள்ளங்கை. அந்தப் பாதிச் சுண்டுவிரல் கடைசிவரை அடம்பிடித்துவிட்டுக் கறுத்தது. விரலிடுக்குகளில் வெள்ளையாகத் தண்ணீர் ஓடியது. சாம்பல் துளியும் இல்லாத அந்த வடிவத்தைத் தனியாக ஓட்டிச் சரிபார்த்தேன். எங்கும் ஒரே சீரான வெப்பம். நிம்மதியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் தம்பியைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன்.

தகடு வந்தது, சோதனையும் முடிந்தது. கேன்டீனில் தம்பி எதிரே உட்கார்ந்து தேநீர் டம்ளரை எடுத்தான்.

"கையை வெச்சுப் பார்த்தேன்க்கா. ஒண்ணுமே தெரியல. அவ்வளவு நல்லா வந்திருக்கு."

என் டம்ளரைக் கைக்குட்டை சுற்றியும் என்னால் பிடிக்க முடியவில்லை. அவன் முழுக் கையாலும் பற்றியிருந்தான்.

"சுடலையா?"

"சுடணுமா?"

அவன் புறங்கையைத் தொட்டேன். வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டேன். டம்ளரின் சூடு அவன் கைக்குள் புகுந்து மறுபக்கம் வந்திருந்தது. தோலில் ஒரு சிவப்புகூட இல்லை.

"எப்பலேர்ந்துடா?"

"செவ்வாய்க்கிழமை மத்தியானம். கையிலேர்ந்து ஸ்பேனர் நழுவிடுச்சு. கீழ விழுந்த சத்தம் கேட்டுத்தான் எனக்கே தெரிஞ்சது. நரம்பு ஏதோ பிசகியிருக்கும், விடு."

மாடிக்கு ஓடினேன். கண்டிப்பைக் குறைத்தேன், அடிமட்டம் வரை குறைத்தேன். கை கறுப்பாகவே இருந்தது. முழுசாக ஒரு பக்கம் சேர்ந்துவிட்ட கட்டத்துக்குத் திரும்பி வரக் காரணம் ஏதும் இருக்காது. நாங்கள் எழுதி வைத்திருக்கும் சூத்திரம் அப்படி. தெரிந்தும் திரும்பத் திரும்ப ஓட்டினேன். பயத்தில் வாய்விட்டு அழுதேன். பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் தம்பி வீட்டிலிருந்து கூப்பிட்டான். பின்னால் குழந்தை அழும் சத்தம்.

"அக்கா, கொஞ்சம் வந்து பாப்பா நெத்தியைத் தொட்டுப் பாரேன். காய்ச்சலா இல்லையான்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது. நான் கையை வெச்சா, இரும்பு மாதிரி சில்லுன்னு இருக்குன்னு அழறா."