பன்னிரண்டு மணிக்குப் பிறகு

நாற்காலி டமாரென்று பின்னால் சாய்ந்தது. கூட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் கணவன் எழுந்துவிட்டான். அவள் அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். இழுக்கக்கூடக் கையில் தெம்பில்லை. பள்ளியில் இது நாலாவது கூட்டம். முதல் மூன்றும் இப்படித்தான், யாராவது எழுந்து, யாராவது கத்தி, அடுத்த தேதி குறித்ததோடு முடிந்தன.

விஷயம் இவ்வளவுதான். அவர்கள் மகள் சிட்டுவுக்கு ஒன்பது வயது. கை கால் சொன்ன பேச்சைக் கேட்காது, விழுங்குவதும் சிரமம். தாடையைத் தாழ்த்திப் பிடித்து, வாய்க்கு வாய் தண்ணீர் கொடுத்து ஊட்ட வேண்டும். கொஞ்சம் அசந்தால் புரையேறிவிடும். அதற்கென்றே பள்ளியில் ஓர் உதவியாளர் இருந்தார். அடுத்த ஆண்டுத் திட்டத்தில் அவர் பன்னிரண்டு மணி வரைதான் என்று தலைமையாசிரியர் எழுதியிருந்தார். மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு.

இந்த முறை புதிதாக ஒரு பெண்மணி வந்திருந்தார். பள்ளிக்கும் வேண்டியவர் இல்லை, பெற்றோருக்கும் வேண்டியவர் இல்லை. தீர்ப்புச் சொல்ல மாட்டார், கூட்டத்தை அடிதடி இல்லாமல் நடத்திக் கொடுப்பதுதான் அவர் வேலை. நடுவர் என்றார்கள். "விசில் கொண்டுவந்திருக்காங்களா பாரு" என்று உள்ளே நுழையும்போதே கணவன் முணுமுணுத்தான். விசில் இல்லை. ஒரு தடித்த பேனாவும் ஒட்டுநாடாவும்தான். சுவரில் பெரிய தாளை ஒட்டி, சொன்னவர் பெயரைப் போடாமல் சொன்னதை மட்டும் எழுதினார். ஜலதோஷம் பிடித்த மூக்கோடு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல எல்லாரையும் ஒரே மாதிரி பார்த்தார்.

விழுந்த நாற்காலியை நிமிர்த்தியதும் அவர்தான். நின்றுகொண்டே பேசலாம், ஆனால் அடுத்தவர் முடித்த பிறகு, என்றார். நின்றபடி வாயை மூடிக்கொண்டிருப்பது கணவனுக்கே ஒரு மாதிரியாக இருந்தது. உட்கார்ந்துவிட்டான்.

தலைமையாசிரியர் மதியப் பதிவேட்டை விரித்தார். முதல் கூட்டத்துக்கும் போன கூட்டத்துக்கும் நடுவில் ஆறு வாரம் உதவியாளர் உடம்பு முடியாமல் வரவில்லை. அதைப் பெற்றோரிடம் சொல்லாமல் விட்டதுதான் போன கூட்டத்துச் சண்டை. பதிவேட்டில் நாளுக்கு இரண்டே கட்டம், உதவியாளருடன், உதவியாளர் இல்லாமல். அந்த ஆறு வாரமும் இரண்டாவது கட்டத்தில் டிக், பக்கத்தில் 'சாப்பிட்டாள்'. ஒரு நாள்கூடப் புரையேறவில்லை.

"பிள்ளை முன்னேறியிருக்கும்மா. நீங்கதான் நம்ப மாட்டேங்கிறீங்க," என்றார்.

இன்று காலைகூட அவள் ஊட்டி நாலு வாய் உள்ளே போக நாற்பது நிமிடம். ஆனால் தாளில் இருப்பது தாளில் இருக்கிறதே. கையெழுத்துப் போட்டுத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. பேனாவைக்கூட எடுத்துவிட்டாள்.

நடுவர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"உதவியாளர் இல்லாமல்னு இருக்கு, சரி. அப்போ கரண்டி யார் கையில இருந்தது?"

பிள்ளையின் கையில்தான், என்று ஆரம்பித்த தலைமையாசிரியர் பாதியில் நின்றார். எல்லாரும் பதிவேட்டை எழுதும் வகுப்பாசிரியையைப் பார்த்தார்கள். மூன்று கூட்டத்திலும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாயே திறக்காமல் இருந்தவள். சிட்டு வீட்டில் அவளுக்கு அழுத்தக்காரி என்று பெயர்.

"என் கையில," என்றாள் வகுப்பாசிரியை.

பிறகு மெல்ல மெல்ல வந்தது. உதவியாளரிடம் போனில் கேட்டுக் கேட்டுத் தாடையைப் பிடிக்கப் பழகினாளாம். ஆறு வாரமும் தன் சாப்பாட்டு நேரத்தில், வகுப்புக் கதவை ஒருக்களித்துவிட்டு, ஊட்டினாளாம். தான் சாப்பிடுவது மூன்றரைக்கு. பதிவேடு கேட்டது உதவியாளர் இருந்தாரா இல்லையா என்றுதான். இல்லை. அதனால் அந்தக் கட்டத்தில் டிக் போட்டாளாம்.

'ஆறு வாரம் ஒருவர் ஊட்டியிருக்கிறார்' என்று சுவர்த் தாளில் ஏறியது. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், தேவைக்கு மேலேயே துடைத்தார். திட்டத்தில் பன்னிரண்டை அடித்துவிட்டு, பள்ளி விடும் வரை என்று எழுதிப் பெற்றோர் பக்கம் தள்ளினார்.

கணவன் பெருமூச்சு விட்டான். அவளுக்குச் சந்தோஷப்படக்கூட அலுப்பாக இருந்தது. ஒன்றுதான் உறுத்தியது.

"ஏன் டீச்சர், நான்தான் ஊட்டினேன்னு ஓரத்துல ஒரு வரி எழுதியிருக்கலாமே?"

வகுப்பாசிரியை நடுவரைப் பார்த்தாள். நடுவர் பேனாவை மூடி வைத்த பிறகுதான் சொன்னாள்.

"ஊட்டத் தெரியாத உன் கை இனிமே என் பொண்ணு மேல படக்கூடாதுன்னு முதல் கூட்டத்துல நீங்கதானேம்மா சொன்னீங்க. எழுதினா நிறுத்தச் சொல்லுவீங்க, அவ பட்டினி கிடப்பா."