தம்பியும் அப்போஸ்தலரும்

திங்கட்கிழமை அக்கா டயாலிசிஸுக்கு வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு விதி உண்டு. தொடர்ந்து மூன்று முறை வராதவரின் இடம், காத்திருப்போர் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பட்டியலில் இருபத்தேழு பேர். மெஷினை ஓட்டும் டெக்னீஷியன் நான். அக்காவுக்கு வெள்ளிக்கிழமை பதினொரு மணி வரைக்கும்தான் அவகாசம்.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் நாலு வருஷம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். அதை விட்டால் உடம்பில் நீர் தேங்கும், மூச்சு முட்டும், திடீரென்று இதயம் நிற்கும். இது அவளுக்கும் தெரியும். நானே நாலு தடவை படம் போட்டு விளக்கியிருக்கிறேன்.

அவள் ஏன் வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் தம்பிதான் சபையின் போதகர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவள் தலைமேல் கைவைத்து, இனி இந்த உடம்புக்கு மெஷின் வேண்டாம் என்று அறிவித்துவிட்டான். சபையே எழுந்து நின்றது. நானும் நின்றேன். ஒருத்தன் மட்டும் உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்?

வெறும் போதகர் சொல்லியிருந்தால் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, திங்கட்கிழமை வழக்கம்போலப் பையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பாள். ஆனால் தம்பி இப்போது அப்போஸ்தலர், ஆண்டவரே நேரில் அனுப்பிய ஆள். அவனை அப்போஸ்தலர் ஆக்கியதில் பாதி வேலை என்னுடையது.

போன வருஷம் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்து, தம்பிக்கு அப்போஸ்தல வரம் இருக்கிறது என்று எண்ணெய் பூசி அபிஷேகம் பண்ணிவிட்டுப் போனார். அதைச் சபை ஏற்பதா வேண்டாமா என்று கமிட்டி கூடியது. நான் செயலாளர். எதிர்த்தவர் ஒரே ஒருவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். உயிர்த்தெழுந்தவரைக் கண்ணால் கண்டவர்கள்தான் அப்போஸ்தலர்கள், அவர்கள் அஸ்திவாரம், மூன்றாவது மாடி கட்டும்போது எவனாவது மறுபடி அஸ்திவாரம் தோண்டுவானா என்று கேட்டார். நான் விடவில்லை. வரங்களைச் சொல்லும் அதே வசனத்தில்தான் போதகர்களும் வருகிறார்கள், போதகர் இன்றைக்கும் வேண்டும், அப்போஸ்தலர் மட்டும் வேண்டாம் என்று கோடு போட்டு அடித்தது யார் என்று மடக்கினேன். அப்போஸ்தலர் தப்பு செய்தால் யாரிடம் போய்க் கேட்பது என்றார் வாத்தியார். அந்த ஸ்தானத்தில் நின்று பேசும்போது பேசுவது என் தம்பி அல்ல, அவனை அனுப்பின ஆண்டவர் என்றேன். கைதட்டினார்கள். அக்காதான் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினாள். அதே சூட்டில், அப்போஸ்தலர் வார்த்தையைக் கமிட்டி பரிசீலிக்காது என்று சபைச் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தேன். இரண்டு மின்விசிறி வாங்க எட்டு மாதம் தம்பியை அலைய விட்ட கமிட்டி அது. எனக்கு அப்படி ஒரு கடுப்பு. வேதத்தைவிட அந்தக் கடுப்புதான் அன்றைக்கு அதிகம் பேசியது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினேன். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

"நான் யோசிச்சுச் சொல்லலண்ணே. கையை வச்சேன், வாயில வந்துடுச்சு. அது ஆவியானவரா, அக்கா மேல இருக்கற பாசமா, எனக்கே தெரியல."

கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது. ஆனால் அவன் நான் கூப்பிடுவதற்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டான்.

அக்கா மூன்று தலையணை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு வாங்குகிறதாம். முகம் உப்பியிருந்தது. காலில் விரலை வைத்து அழுத்தினேன், பள்ளம் அப்படியே நின்றது. அத்தான் எங்களைப் பார்த்ததும், தலைகீழாக நின்று பார்த்துவிட்டேன் மாப்பிள்ளைகளா என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார்.

தம்பி அவள் காலடியில் உட்கார்ந்தான். "தப்பாச் சொல்லிட்டேன்க்கா. வா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

அக்கா அவன் தலையைக் கோதினாள். "அன்னைக்குப் பேசினது அப்போஸ்தலர். இப்பப் பேசறது என் தம்பி. பயந்து போயிருக்கே, பாவம்."

"நான் அப்போஸ்தலரே இல்லக்கா."

"அதையும் என் தம்பிதான் சொல்றான்."

தம்பி எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பிரசங்க மேடைக் குரலில், அப்போஸ்தலனாகக் கட்டளையிடுகிறேன், எழுந்து வா என்றான். அக்கா சிரித்தாள். பாதிச் சிரிப்பிலேயே இரைத்தது.

"பொய் சொன்னா உனக்குக் காது சிவக்கும். இப்பப் பாரு, எப்படிச் சிவந்திருக்குன்னு."

பிறகு நான் கத்தினேன். கெஞ்சினேன். ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு ஏறியிருக்கும் என்று கணக்குச் சொன்னேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுத் தூக்கிக்கொண்டு போவேன் என்று மிரட்டினேன். டாக்டருக்கு போன் போட்டால், தெளிவாக இருக்கிறவர் வேண்டாம் என்றால் தொடக்கூட முடியாது, எப்படியாவது பேசிச் சம்மதிக்க வை என்றார். அக்கா என்னைக் கோபிக்கவே இல்லை. கோபித்திருந்தால் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருப்பேன். உனக்கு வேலைக்கு நேரமாகிறது, கிளம்பு என்று மட்டும் சொன்னாள். தம்பி அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

பதினொரு மணிக்கு மேற்பார்வை நர்ஸ் பட்டியலை என் முன்னால் வைத்தார். அரை மணி நேரம் கேட்டேன், கொடுத்தார். அக்காவின் போனுக்கு ஆறு தடவை அடித்தேன். எடுக்கவில்லை. பதினொன்றரைக்குப் பட்டியலில் முதல் எண்ணைக் கூப்பிட்டேன்.

ஒரு வேன் டிரைவர். இத்தனை நாள் மூன்று பஸ் மாறி வேறு ஆஸ்பத்திரிக்கு அலைந்தவர். ஒரு மணிக்கெல்லாம் மனைவியோடு வந்துவிட்டார். எடை பார்த்தேன். குழாய்களில் சலைன் ஓட்டிக் காற்றை வெளியேற்றினேன். ஊசி இரண்டையும் குத்தி முடிக்கும்வரை அந்த அம்மா அவருடைய மறு கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டாள்.

"இந்த எடத்துல இருந்தவங்களுக்கு என்ன சார் ஆச்சு? குணமாயிடுச்சா?"

"குணமாயிட்டதா அவங்க சொல்றாங்கம்மா."

அவள் முகம் மலர்ந்தது. முகம் தெரியாத என் அக்காவுக்காகக் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள். நான் மெஷினை ஓட விட்டேன்.