மட்டக்குதிரையின் குணம்

குதிரையின் கண்ணோரத்தில் உட்கார்ந்த ஈ போகவே இல்லை. ஜெஸ்மி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாறசாலை வீட்டு முற்றத்தில், ரப்பர் ஷீட் காயும் கொடியருகே, தலையைத் தொங்கப்போட்டு நின்றது அந்த மட்டக்குதிரை. அவள் தோள் உயரம்கூட இல்லை. கள்ளிக்காட்டுப் பொன்னப்பன் விற்பதற்காக டெம்போவில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். பொழியூர் கடற்கரையில் பிள்ளைகளுக்குச் சவாரி விடலாம் என்பது அவள் கணவன் ஜெனிலின் திட்டம். வளைகுடா வேலை போனபிறகு இந்தப் பேச்சில் மட்டும்தான் அவன் முகம் தெளிந்தது. முதல் சவாரி மகள் அஜிஷாவுக்கு.

"மணிப்பூர் சாதியாக்கும் மோளே," என்றார் பொன்னப்பன். "பண்டு மங்கோலியா பக்கத்துல இருந்து வந்த கூட்டம் எண்ணு சொல்லுவாவ. ராஜாக்கமாரு இதும்மேல இருந்துதான் போலோ ஆடினது. குளம்பு கல்லு போல. ஆளு குட்டையானாலும் பாய்ச்சல பாத்தா பேடிச்சுப் போவ."

"அந்தப் பாய்ச்சல் சாதி ஒரு ஈய வெரட்டாதா அண்ணா?"

"அது... சாது குணம்."

ஜெனில் சிரித்தான். "பெண்ணு பாக்க வந்த அண்ணைக்கு என்னையும் இவ இப்பிடித்தான் நோக்கினா. குடிச்சிட்டு வந்தேன் எண்ணு நெனச்சா."

ஜெஸ்மி சிரிக்கவில்லை. குதிரையின் காதைத் தொட்டாள். அது அசையவில்லை. கீழுதடு தொங்கி எச்சில் வடிந்தது. எதையோ கொடுத்து மயக்கியிருக்கிறார்கள்.

"சாயங்காலம் வர இஞ்ச நிக்கட்டு. தீனி நான் குடுப்பேன். பிறவு பிள்ளைய ஏத்தலாம்."

பொன்னப்பன் ஜெனிலைப் பார்த்தார். ஜெனில் தரையைப் பார்த்தான். அது அவளுக்குள் முள்ளாக ஏறியது. இவனுக்கும் தெரியுமோ? தெரிந்தேதான் பிள்ளையை ஏற்ற வந்தானோ?

பொன்னப்பன் சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனார். மதியச் சோறு ஆறிக்கொண்டிருந்தபோது குதிரையின் காதுகள் நிமிர்ந்தன. தோல் சிலிர்த்தது. வெயில் சாய்வதற்குள் குளம்பால் மண்ணைக் கிளறத் தொடங்கிவிட்டது.

"அப்பா, குதிரை முழிச்சிட்டு!" படியிலிருந்து அஜிஷா கைதட்டினாள்.

ஜெஸ்மி அவளை இழுத்து அணைத்துக்கொண்டு ஜெனிலிடம் திரும்பினாள். "சேட்டா, உள்ளத சொல்லுங்க. உங்களுக்குத் தெரியுமா?"

அவன் வாய் திறப்பதற்குள் குதிரை கனைத்துக்கொண்டு முன்னங்கால்களைத் தூக்கியது. கட்டியிருந்த கம்பு பிடுங்கிக்கொண்டு வந்தது. குதிரை படியை நோக்கித் திரும்பியதும் ஜெனில் பாய்ந்து கயிற்றைப் பிடித்தான். மண்ணில் தேய்ந்துகொண்டே போனான், பிடியை விடவில்லை. குதிரைக்கும் பிள்ளைக்கும் நடுவே குதிகாலை ஊன்றி நின்றான். கையில் ரத்தம். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டி ஏறி இறங்கியது. அவன் முகம் குதிரையின் பக்கமாக இருந்தது; அவனுக்கு முன்பே தெரியுமா என்பதை அந்த முதுகிலிருந்து அவளால் படிக்க முடியவில்லை.