கல்யாணத்தைக் கீழே நடத்துங்க

நடுக்கமானியின் ஊசி காலையிலிருந்து நேர்கோடாகவே இழுத்துக்கொண்டிருந்தது. கேவா அக்கா காப்பிக் கோப்பையைக் கையில் வைத்தபடி அதன் முன்னால் நின்றாள், குடிக்கவில்லை. பல வாரங்களாக இலே நோபா எரிமலை அதிர்ந்து அதிர்ந்து அந்த ஊசியைப் பேய் பிடித்ததுபோல ஆட்டியிருந்தது. இப்போது சட்டென்று அடங்கிவிட்டது. சரிவில் இருக்கும் லெவோதூலி ஊரில், மலை சமாதானமாகிவிட்டது என்று சேவல் அறுத்துப் படையல்கூட வைத்துவிட்டார்கள். கண்காணிப்பு நிலையத்தில் அக்காவுக்குத் துணையாக வேலை பார்த்த எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

"நல்லதுதானே அக்கா?"

"அழுற பிள்ள திடீர்னு நிறுத்துனா, தூங்குதா, மூச்சடைச்சுக் கிடக்குதான்னு போய்ப் பாக்க வேணாமா, லாகா?"

அதைச் சொல்ல வேண்டியது சாய்வுமானி. மலையின் வயிறு ஊதுகிறதா வற்றுகிறதா என்று அதற்குத்தான் தெரியும். பாதி மலையில் புதைத்திருந்த அந்தக் கருவி, போன சாம்பல் மழையோடு ஊமையாகிவிட்டது. பாண்டுங் தலைமையகத்தில் எங்கள் மேலதிகாரியான ஹர்தோனோ சார் தொலைபேசியில் தவித்தார். "அந்தக் கணக்கு இல்லாம ஊரைக் காலி பண்ண எப்படிம்மா சொல்றது? உங்கள மேல போகச் சொல்லவும் மனசு வரல."

"நீங்க சொல்ல வேணாம் சார். நாங்களே போறோம்" என்றாள் அக்கா.

மலையேறும் வழியில் முந்திரித் தோப்பு முடிந்ததும் பச்சை என்பதே இல்லை. கந்தக நெடி முகமூடிக்குள்ளும் புகுந்து தொண்டையைச் சுரண்டியது. கருவியின் சோலார் பலகை சாம்பலுக்கடியில் கிடந்தது. கம்பி இணைப்பை ஆவி அரித்துத் தின்றிருந்தது. அக்கா தலைத்துணியை அவிழ்த்துப் பலகையைத் துடைத்தாள். நான் புதுக் கம்பியைச் சீவினேன். நடுநடுவே உச்சியைத் திரும்பிப் பார்த்தேன்.

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"நல்லது. பயந்தவன் கைதான் சீக்கிரம் வேலைய முடிக்கும். முடி, ஓடிருவோம்."

கருவியில் பச்சை விளக்கு மினுங்கியதும் அவள் அதைத் தட்டிக்கொடுத்தாள், நாயைத் தட்டுவதுபோல.

நிலையத்துக்கு நாங்கள் திரும்பியபோது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. "கேவா, மலை ஊதுது. வாய அடைச்சுக்கிட்டு ஊதுது. அபாய நிலைய உச்சத்துக்கு ஏத்திட்டேன். ஊர உடனே இறக்குங்க."

லெவோதூலியில் மறுநாள் ஊர்த்தலைவர் சுபானின் மகள் பெனிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பரிசமாக யானைத் தந்தத்தோடு வந்து இறங்கியிருந்தார்கள். விருந்துக்கான பன்றிகள் கட்டிக் கிடந்தன. நாங்கள் போய் விஷயத்தைச் சொன்னதும் சுபான் இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

"போன வருஷமும் இப்படித்தான் ஓட வச்சே. பள்ளிக்கூடத் தரையில படுத்து முதுகு போனதுதான் மிச்சம். மலை ஒரு தும்மல்கூடப் போடல."

"இவளுக்குத் தனியா அழைப்பு வைக்கலன்னு கோவம்ப்பா!" கூட்டத்தில் ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

அக்காவும் சிரித்தாள். "அழைப்பு வேணாம், நானே வருவேன். ஆனா கல்யாணத்தைக் கீழே நடத்துங்க. கடலோரப் பள்ளிக்கூடத்துல."

"மலை வெடிக்கலன்னா?"

"வெடிக்கலன்னா நீங்க எல்லாரும் உயிரோட இருந்து என்னைத் திட்டுவீங்க. ஆயுசு பூரா திட்டுங்க மாமா. நான் கேட்டுக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. சுபான் மலையைப் பார்த்தார், பிறகு அக்காவின் சாம்பல் படிந்த முகத்தைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பெனி வீட்டிலிருந்து மூட்டையோடு வெளியே வந்தாள்.

"அப்பா, நான் கீழ போறேன். என்னைக் கட்டிக்கிறவரு வேணும்னா பின்னாடி வரட்டும்."

மாப்பிள்ளை மறுபேச்சில்லாமல் தந்தத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். அவ்வளவுதான். ஊரே சிரித்துக்கொண்டு பானைகளைக் கட்டத் தொடங்கியது. லாரிகளில் படுக்கைகளும் பன்றிகளும் கல்யாணச் சேகண்டிகளும் ஏறின. படுத்த படுக்கையாக இருந்தவர்களை நாற்காலியோடு தூக்கினோம். கடைசி லாரி வளைவில் மறையும்வரை அக்கா ஊர் நடுவிலேயே நின்றாள்.

மறுநாள் மதியம் ஊசி ஒருமுறை துடித்தது. அடுத்த கணம் தாளைக் கிழிப்பதுபோல இரண்டு பக்கமும் அடித்தது. எதிர் மேட்டிலிருந்த எங்கள் நிலையத்தின் சன்னல்கள் அலறின. மலையின் தலையிலிருந்து கருந்தூண் எழுந்து வானத்தை முட்டியது. அதன் அடியிலிருந்து கொதிக்கும் மேகம் ஒன்று சரிவில் உருண்டு, முந்திரித் தோப்பை விழுங்கி, லெவோதூலியின் கூரைகள்மேல் படர்ந்து, பள்ளத்தாக்கில் நின்றது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அக்கா வாக்கி டாக்கியை எடுத்து, "சுபான் மாமா... சுபான் மாமா..." என்று கூப்பிட்டாள்.

வெகுநேரம் இரைச்சல். பிறகு அவர் குரல்.

"வீடெல்லாம் போச்சு, கேவா." மூச்சு வாங்கியது. "ஆளுங்கள எண்ணிட்டோம். ஒருத்தர் குறையல. கேக்குதா? ஒரு பன்னிகூடக் குறையல!"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, சிரித்து, அழுது, மறுபடி சிரித்தாள். தொலைபேசியில் விஷயத்தைக் கேட்ட ஹர்தோனோ சார் போட்ட கூச்சல் எனக்கு வாசல்வரை கேட்டது.

சாயங்காலம் மாற்று ஆட்கள் வந்ததும் கீழே போனோம். பள்ளிக்கூட மைதானம் முழுக்கச் சாம்பல். எரிகிற வீடுகளின் புகை மேலே தெரிய, கீழே சேகண்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். கைகோத்து வட்டமாக ஆடிக்கொண்டிருந்தவர்களின் தலையும் புருவமும் சாம்பலில் நரைத்திருந்தன. பெனி எங்களைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் கையை விட்டாள். வட்டம் திறந்தது. ஒரு பக்கம் பெனியும் மறுபக்கம் சுபானும் கையைப் பிடித்துக்கொள்ள, கேவா அக்கா உள்ளே போனாள்.

இன்னும் ஆட்கள் வந்து சேர்ந்தபடியே இருந்தார்கள். கால்கள் மிதிக்க மிதிக்கச் சாம்பல் விலகி, வெளுத்த மைதானத்தின் நடுவே கறுப்பு மண் ஒரு வளையமாகத் தெரிந்து, அகன்றுகொண்டே போனது.