ஒரு மூடி தேத்தண்ணி

கமலாவதியின் கடைவாய்ப் பல் அவளை ஆட்டிப் படைத்தது போதாதென்று, கன்னத்தையும் வீங்க வைத்திருந்தது. கிராம்பு வைத்தாள், உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள், முருகனுக்கு நேர்ந்தும் பார்த்தாள். அந்தப் பல் ஒன்றுக்கும் மசியவில்லை. கனடாவிலிருந்து வந்த பல் வைத்தியர்கள் கொடிகாமத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இலவசமாகப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வியாழக்கிழமை போனாள்.

ஆரணி என்ற இளம் டொக்ரர் அவளுடைய தாடையை ஏந்திப் பிடித்து, முகம் சுளிக்காமல் வாய்க்குள் பார்த்தாள்.

"சீழ் கட்டியிருக்கு அன்ரி. இந்தக் குளிசையைப் போடுங்கோ. ஞாயிற்றுக்கிழமை பிடுங்கிவிடுறன். அண்டைக்குத்தான் எங்களுக்குக் கடைசி நாள், கட்டாயம் வாங்கோ."

குளிசை போட்ட அன்றிரவுதான் கமலாவதி நிம்மதியாக நித்திரை கொண்டாள். ஞாயிறு காலை இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி வைத்து, சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றினாள்.

"உது ஆருக்கம்மா?" என்றாள் மகள் மதுரா.

"அந்த டொக்ரர் பிள்ளைக்கு. நாள் முழுக்க நிண்ட நிலையிலை நிக்குது, பாவம்."

அவர்கள் வீட்டுத் தேத்தண்ணிக்கு ஒரு கதை உண்டு. கமலாவதியின் தகப்பன் கூலிக்குப் போன வீடுகளில் அவருக்குச் சிரட்டையில்தான் ஊற்றினார்கள். இப்போது ஊர் நாகரிகமாகிவிட்டது, சிரட்டை இல்லை. அவள் வீட்டுக்கு வருகிற பெரிய சாதி ஆட்கள் "இப்பதான் குடிச்சிட்டு வாறம்" என்று பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார்கள். எந்த நேரம் வந்தாலும் அவர்களுக்கு இப்பதான். அதனால் வெளியாட்களுக்குத் தேத்தண்ணி நீட்டுவதையே கமலாவதி விட்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் தன் முறை வந்ததும் கதிரையில் ஏறி இருந்து, போத்தல் மூடியில் தேத்தண்ணியை ஊற்றினாள்.

"குடியுங்கோ பிள்ளை."

ஆரணி கையுறை போட்ட கைகளைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தாள். "ஐயோ, வேண்டாம் அன்ரி!"

கமலாவதி மூடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கனடாவுக்குப் போனாலும் இதையும் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள்! அன்றைக்கு வாய்க்குள் கைவிட்டாளே என்றால், அதுவும் உறை போட்ட கைதானே. ஆரணி ஊசி எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து எழும்பி வெளியே வந்துவிட்டாள். பல் இருந்து அரிக்கட்டும், சாகவா போகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

தண்ணீர்க் குழாயடியில் தேத்தண்ணியைக் கொட்டப் போனாள். இஞ்சி மணத்தது. அது என்ன பாவம் செய்தது என்று கை தயங்கியது.

"அன்ரி! ஊசிக்குப் பயந்தோ ஓடி வந்தனீங்கள்?" ஆரணி மூச்சு வாங்க வந்து நின்றாள். கையில் உறை இல்லை, முகமூடி நாடிக்குக் கீழே இறங்கியிருந்தது.

"எனக்கென்ன பயம்? எங்கடை கையாலை குடிக்க மாட்டியள் எண்டு தெரியாமல் நீட்டிப்போட்டன்."

ஆரணிக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

"ஏன் குடிக்க மாட்டன்? ஊராற்றை வாயெல்லாம் அளைஞ்ச கையோடை, அந்த அறைக்குள்ளை நாங்கள் ஒண்டும் வாயிலை வைக்கக்கூடாது. வெளியிலை எண்டால் குடிக்கலாம். தாங்கோ, விடியத் தொடக்கம் தொண்டை காயுது."

குழாயில் கையைக் கழுவிவிட்டு மூடியை வாங்கினாள். அண்ணாந்து ஊற்றவில்லை, மூடியில் வாய் வைத்தே குடித்தாள். கமலாவதி அந்தத் தொண்டைக்குழி ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் விடுங்கோ அன்ரி."

கமலாவதி ஊற்றினாள். மூடி நிரம்பி வழிந்து கொஞ்சம் நிலத்தில் சிந்தியது.

திரும்பவும் கதிரையில் சாய்ந்தபோது ஆரணி புதிய உறையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "பல்லுப் பிடுங்கினால் இண்டைக்கு நீங்கள் சூடா ஒண்டும் குடிக்கக்கூடாது. போத்தலிலை இருக்கிற மிச்சமும் எனக்குத்தான்."

கமலாவதி வாயை அகலத் திறந்தாள். இரண்டு கண்ணாலும் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"நோகுதோ அன்ரி?" என்று பதறினாள் ஆரணி. அவள் இன்னும் ஊசியைக் கையிலேயே எடுக்கவில்லை.