ஹார்ஸ் மலைக் கல்

எங்கள் குத்தாலத்து வயலில் எவ்வளவு ஆழத்துக்கு போர் போட்டாலும் மணலும் களிமண்ணும்தான் வரும். அப்பா துண்டில் சுற்றி வைத்திருந்த கல்லை எடுத்து, சென்னையிலிருந்து வந்திருந்த என் கையில் கொடுத்தார்.

"நம்ம போர்ல வந்ததும்மா. உன் தம்பிதான் எடுத்துக் காட்டுனான்."

கறுத்து மினுங்கும் சின்னக் கல். ஆனால் நல்ல கனம். நாமன்னைட், வெள்ளியும் செலினியமும் சேர்ந்த அபூர்வக் கனிமம். பாறை வெடிப்புகளில் சுடுநீர் ஏறும் இடங்களில்தான் உண்டாகும். இந்தத் துண்டு ஜெர்மனியின் ஹார்ஸ் மலையிலிருந்து வந்தது. என் நிலவியல் பேராசிரியர் எனக்குக் கொடுத்தது. அடியில் அடையாளத்துக்கு நான் வைத்த வெள்ளைப் பெயிண்ட், சுரண்டியும் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆடி மாதம் தம்பி ராம்கி சென்னைக்கு வந்து என் வீட்டில் தங்கினான். அலமாரியில் இந்தக் கல்லைப் பார்த்துவிட்டுத் துருவித் துருவிக் கேட்டான். செலினியம் மிகுந்த மண்ணில் விளையும் தானியத்தில் விஷம் ஏறும் என்பதுவரை சொல்லிக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் என் படிப்பைப் பற்றி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. மடச்சி, பூரித்துப்போய் முறுகலாகத் தோசை வேறு சுட்டுப் போட்டேன்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "விஷ மண்ணாமே. இத்தன வருஷம் ஊருக்கெல்லாம் அதையே வெளைய வச்சுக் குடுத்திருக்கேன். சோறு எறங்கல. ராம்கியே அவன் கூட்டாளிக்குப் பேசி முடிச்சான். போன வாரம் வயல எழுதிக் குடுத்துட்டேன்."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எங்கள் வயலில் டிராக்டர் சேறடித்துக்கொண்டிருந்தது.

"பாவம், வாங்குனவரு நடவுக்கு ரெடி பண்றாரு. அவருகிட்டயும் விஷத்தச் சொல்லிடணும்மா. ராம்கி வேணாங்கறான். எனக்கு மனசு கேக்கல."

கல்லைத் திருப்பி வெள்ளைப் பெயிண்டைக் காட்டினேன்.

"அப்பா, இது என் கல்லு. என் வீட்லேர்ந்து திருடிட்டு வந்திருக்கான். நம்ம மண்ணுல இது கெடைக்கவே கெடைக்காது. விஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அப்பா டிராக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேப்பா."

"நீ அழுதுட்டே இருக்கியாம், போன் பண்ணிக் கேக்காதீங்கன்னான் ராம்கி" என்றார். "அவன் பேச்ச நான் என்னைக்கும்மா நம்பியிருக்கேன்? அக்காவே கல்லப் பாத்து விஷம்னு சொல்லிட்டதா சொன்னான். உன் பேரச் சொன்னதாலதான் கையெழுத்துப் போட்டேன்."