புளி போட்டுத் தேய்த்த பிரெஞ்சுத் துவக்கு

பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஏரம்பமூர்த்தியைத் தெரியாதவர்கள் இருந்திருக்கலாம். அவருடைய பிரெஞ்சுத் துவக்கின், அதாவது வேட்டைத் துப்பாக்கியின், புராணம் கேட்டுக் காது புளிக்காதவர் ஒருவரும் இல்லை. ரயில்வேயில் பெரிய கிளார்க். டிக்கட் வாங்க வந்தவனையும் விடமாட்டார்.

“குழலைக் கழற்றி அடியைப் பாரும். சோதனை முத்திரை குத்தியிருப்பான். குறுக்கே ரெண்டு ஓலை, மேலே கிரீடம் எண்டால் சென்ட் எத்தியென் ஊர்த் துவக்கு. கிரீடத்துக்குக் கீழே பி.டி. எண்டு இருந்தால் புகையில்லா வெடிமருந்துக்குச் சோதிச்சது. இந்த நூற்றாண்டுச் சாமான்! முத்திரைதானப்பா துவக்கின்ர சாதகம்.”

சாதகம் முடிவதற்குள் ரயில் பிறை ஸ்டேஷனைத் தாண்டியிருக்கும்.

அந்தச் சாதகத்தில்தான் அவர் மனைவி தவமணி கைவைத்தாள். வருடாவருடம் சரஸ்வதி பூசைக்குக் குத்துவிளக்கு, அரிவாளோடு துவக்கையும் கழற்றிப் போட்டு, புளியும் செங்கற்பொடியும் வைத்துத் தேங்காய்த் தும்பால் தேய்த்தாள். என்ன தேய்ப்பு! பினாங்கு மலையைக் கையில் கொடுத்திருந்தால் கூழாங்கல்லாக்கித் திருப்பித் தந்திருப்பாள். ஆழமாய்க் குத்திய ஓலைகள் தப்பின. பி.டி. போன இடம் தெரியவில்லை.

“நீரும் ஒரு படிச்ச வீட்டுப் பெண்ணே?” என்று ஏரம்பமூர்த்தி பல்லைக் கடித்தார். கடித்துக்கொண்டேயிருந்தார்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். சுடக்கூடிய துவக்கை ஒளித்தவன் தலை போகும். சுவரில் மாட்டும் பழம்பொருள் மட்டும் இருக்கலாம் என்று உத்தரவு. ஏரம்பமூர்த்தி தம் செல்வத்தைக் காலியான அரிசிப் பெட்டிக்குள் படுக்கவைத்தார். எவனோ போட்டுக்கொடுத்தான்.

கேப்டன் ஒகுமுரா வந்தபோது அவர் வாள் முற்றத்தைக் கூட்டிக்கொண்டே வந்தது. கூடவே மொழிபெயர்க்க முகம்மது சுல்தான்.

“அண்ணே, இவருக்கு வெள்ளக்காரன் துப்பாக்கி எல்லாம் அத்துப்படிலா,” என்று சுல்தான் கிசுகிசுத்தார். “பி.டி. இருந்தா உங்க கத முடிஞ்சிச்சு.”

ஏரம்பமூர்த்தி கழுத்தைத் தடவிக்கொண்டார். கேப்டன் அரிசிப் பெட்டியிலிருந்த துவக்கை எடுத்து, பூதக்கண்ணாடியைக் குழலின் அடியில் வைத்துக் கண்ணை உருட்டி, மூக்கை உறிஞ்சி, கடைசியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

“நூறு வருசத்துப் பழசாம் அண்ணே. இத வச்சு மிரட்டுனா காக்கா கூடச் சிரிக்குமாம். சுவத்துல மாட்டிக்கச் சொல்றாரு.”

புத்தியுள்ளவன் இந்த இடத்தில் விழுந்து கும்பிட்டிருப்பான். ஏரம்பமூர்த்திக்கோ உச்சந்தலையில் தீப்பற்றியது. நூறு வருடமா? மருந்தை முன்வாயால் இடித்த காலம் அது! முதுகை மடக்கித் தோட்டா போடுகிற துவக்கைப் பார்த்து இந்தப் பூதக்கண்ணாடி மடையன் சொல்கிற பேச்சா இது? கழுத்து மறந்துபோயிற்று.

“ஐயா, உமக்கு முத்திரை பாக்கத் தெரி—”

மீதியை மரவள்ளிக்கிழங்கு அடைத்தது. தவமணி, அவித்த கிழங்கை முழுசாகவே திணித்துவிட்டாள்.

“பசி மயக்கம், தம்பி. என்ன பேசுறாரெண்டு அவருக்கே தெரியாது,” என்றாள் சுல்தானிடம். சுல்தான் மொழிபெயர்க்க, கேப்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி படியிறங்கினார்.

கண்ணீர் வழியக் கிழங்கை விழுங்கிய ஏரம்பமூர்த்தி முதலில் சொன்னது, “நூறு வருசமாம்! மடையன்!”

“அவனுக்குத் துவக்கின்ர வயசு தெரியேல்லை. உங்களுக்கு உங்கட வயசே தெரியேல்லை,” என்றாள் தவமணி. “குழலைக் கழற்றித் தாங்கோ. அந்த ரெண்டு ஓலையும் இன்னும் கிடக்கு.”

துவக்கின் சாதகத்தை உலகுக்கெல்லாம் ஓதிய மகான், வாயைத் துடைத்துக்கொண்டு புளி தேடப் போனார்.